ஒழுகும் குழாயும் உழைப்பவர் கூலியும்

 

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. நாமே பழுது பார்ப்பதா, பிளம்பரை அழைப்பதா? நம் இல்லங்களில் பலரும் இரண்டையும் செய்வதில்லை. அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு மறந்துவிடுகின்றனர். நிமிடத்திற்கு 10 மில்லி லிட்டர் சொட்டினாலே ஒரு நாளைக்கு 14 லிட்டர், ஒரு மாதத்திற்கு 430 லிட்டர் வீணாகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் உளூ செய்தார்கள் என ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். இரு கைகளும் சேர்ந்து அள்ளும் அளவே ஒரு முத்து. கேரள மலையில் மழை பொய்த்தால் சிறுவாணி வற்றி, கோவையில் குழாய்த் தண்ணீர் வரும் நாட்களின் இடைவெளி நீள்வதை நாம் அறியாதவர்களா?

தம் கிழிந்த செருப்பைத் தாமே தைத்துக்கொண்டவர் நம் நபி. ஆகவே ஸ்பேனரைக் கையில் எடுப்பது எந்தக் குடும்பத்தலைவருக்கும் இழுக்கன்று. முதலில் வால்வை அடைத்து, குழாயில் எஞ்சிய நீரை வடித்துவிடுங்கள். திருகித் திறக்கும் பழைய வகையானால் பெரும்பாலும் வாசரை மாற்றினாலே போதும். கால் சுற்றில் திறக்கும் புதிய வகையானால் உள்ளிருக்கும் ஸ்பிண்டிலை மாற்ற வேண்டும். பழையதைக் கழற்றிக் கடைக்கே கொண்டுசெல்லுங்கள், அளவு தவறாது. நம் பகுதியில் போர் போட்டு எடுக்கும் உப்புத் தண்ணீர் குழாய் முனையின் வலையில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். வலையைக் கழற்றி வினிகரில் ஊறவைத்தால் படிவு இளகிவிடும். ஃப்ளஷ் டேங்க் கசிகிறதா என்று ஐயமா? தொட்டியில் சிறிது வண்ணப்பொடியைக் கரைத்துவிட்டு, அரை மணி நேரம் பயன்படுத்தாமல் வையுங்கள். கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் கசிவு உறுதி.

இவ்வேலைகளைப் பெண்மக்களும் கற்றுக்கொள்ள வேண்டுமென்பேன். கணவர் வளைகுடாவிலும் பிள்ளைகள் கல்லூரியிலும் இருக்க, ஒரு வாசருக்காக அந்நியரை வீட்டுக்குள் அழைக்கத் தயங்கி, நாள்கணக்கில் தண்ணீரை ஒழுகவிடும் சகோதரிகள் உள்ளனர்.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்தால், விளையும் கேட்டுக்கு அவரே பொறுப்பாளி என்பது நபிமொழி. ரெஞ்சு பிடிப்பவருக்கும் இந்த நியாயம் பொருந்தும் என்பது என் கருத்து. தவறு நேர்ந்தால் நம் வாளி மட்டும் நிறையுமானால் நாமே செய்யலாம். சுவருக்குள் புதைந்த பழைய இரும்புக் குழாயை வலிந்து திருகினால் எல்போ உள்ளேயே உடையும்; அடுக்குமாடியில் கீழ்வீட்டாரின் கூரை நனையும். கீசரிலும் மோட்டாரிலும் மின்சாரமும் சேர்ந்துகொள்கிறது. அங்கெல்லாம் தொழில் அறிந்தவரே வேண்டும்.

மாநகராட்சி இணைப்பில் நாம் கைவைக்கவே கூடாது. இணைப்புக் குழாயில் நேரடியாக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுவோர் அண்டை வீட்டாரின் பங்கையே இழுக்கின்றனர். அழுத்தம் குறைந்த குழாயில் எங்கேனும் விரிசலிருந்தால், பக்கத்துச் சாக்கடை நீரும் உள்ளே புகும். அதைத்தான் இரு வீட்டுக் குழந்தைகளும் குடிக்கும். கூலி கொடுத்தால் பொருத்தித் தர ஆள் கிடைக்கலாம், குற்றம் நம்முடையதே.

இதனினும் கொடியது, அடைப்பெடுக்க வந்தவரைச் செப்டிக் டேங்கினுள் இறங்கச் சொல்வது. உள்ளே தேங்கிய நச்சுவாயு சில நொடிகளில் ஆளை வீழ்த்தும். காப்பாற்றக் குதித்தவரும் மாண்ட செய்திகளைத் தமிழகம் மீண்டும் மீண்டும் படித்திருக்கிறது. பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். அவர் தாமாகவே முன்வந்தாலும் தடுத்து, உறிஞ்சு வண்டியை வரவழையுங்கள். அந்தக் கூடுதல் செலவைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

இனி கூலி. வேலை தொடங்குமுன் பேசி முடிவு செய்வதே ஷரீஅத் காட்டும் முறை. முடிந்தபின், "பத்து நிமிட வேலைக்கு இவ்வளவா?" என்று பேரம் பேசுவோர், அந்தப் பத்து நிமிடத்தை அவர் எத்தனை ஆண்டுகளில் கற்றார் என்று எண்ணுவதில்லை. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு மறுமையில் தானே எதிரி என்று அல்லாஹ் அறிவிப்பதாக புகாரியில் உள்ளது. "சில்லறை இல்லை, நாளை வாருங்கள்" என்று சொல்லும் முன் அதை நினைவில் கொள்ளுங்கள். போத்தனூரிலிருந்து வெயிலில் வண்டியோட்டி வந்தவர், வால்வு மூடியிருந்ததுதான் கோளாறு என்று கண்டு அதைத் திறந்துவிட்டுச் சென்றாலும், வந்து பார்த்ததற்குரிய கூலியை அவருக்குக் கொடுத்தனுப்புங்கள்.