கிளவுடில் இருக்கும் உங்கள் டேட்டா... சாவி யாரிடம் இருக்கிறது? பிரிட்டன் - ஆப்பிள் மோதல் சொல்வது என்ன?

வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் போட்டோ, பத்திர நகல், பான் கார்டு என எல்லாவற்றையும் கிளவுடில் போட்டுவிட்டால் கவலை இல்லை என்று நினைப்பவரா நீங்கள்? அப்படியானால் பிரிட்டனில் நடந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது.

என்ன நடந்தது?

ஐகிளவுடில் 'அட்வான்ஸ்டு டேட்டா புரொடெக்‌ஷன்' என்று ஒரு வசதி உண்டு. 2025 பிப்ரவரி 21-ம் தேதி, பிரிட்டனில் இதை இனி யாரும் புதிதாக ஆன் செய்ய முடியாது என ஆப்பிள் அறிவித்தது.

காரணம், 2016-ம் ஆண்டு புலனாய்வு அதிகாரச் சட்டம். இதன்கீழ், ஐகிளவுட் டேட்டாவைப் பார்க்க வழி செய்து தரும்படி பிரிட்டன் அரசு ரகசிய உத்தரவு போட்டதாக வாஷிங்டன் போஸ்ட் செய்தி வெளியிட்டிருந்தது. பின்வாசல் வைத்துத் தர மாட்டோம் என்று சொல்லிவந்த ஆப்பிள், வசதியையே அங்கு நிறுத்திவிட்டது.

பிரிட்டன் பின்வாங்கிவிட்டதாக ஆகஸ்ட்டில் அமெரிக்க தேசிய உளவுத்துறை இயக்குநர் துளசி கப்பார்ட் கூறினார். ஆனால் அக்டோபரில், பிரிட்டன் பயனர்களை மட்டும் குறிவைத்து மீண்டும் உத்தரவு போடப்பட்டதாகச் செய்திகள் வந்தன.

அந்த வசதியில் அப்படி என்ன இருக்கு?

சாதாரண ஐகிளவுட் பேக்கப்பும் என்கிரிப்ட் ஆகித்தான் இருக்கும். ஆனால் சாவி ஆப்பிளிடமும் இருக்கும். அதனால் நீதிமன்றம் கேட்டால் திறந்து கொடுக்க முடியும். அட்வான்ஸ்டு வசதியை ஆன் செய்தால் சாவி பயனரின் கருவிகளில் மட்டுமே இருக்கும். நிறுவனமே நினைத்தாலும் திறக்க முடியாது.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றின் தனிநபர் கணக்குகளிலும் சாவி நிறுவனத்திடம்தான். ஆக, நிறுவனம் தரும் பாதுகாப்பை அரசு உத்தரவு ஒன்று மாற்றிவிடலாம் என்பதுதான் பிரிட்டன் விவகாரம் காட்டும் உண்மை.

அப்போ என்னதான் பண்றது?

கிளவுடுக்கு அனுப்புவதற்கு முன்பே, உங்கள் கம்ப்யூட்டரிலேயே பூட்டிவிடலாம். 'கிரிப்டோமேட்டர்' கிளவுட் ஃபோல்டருக்குள் பூட்டிய பெட்டகம் ஒன்றை உருவாக்கும். 'டூப்ளிகாட்டி' குறித்த நேரத்தில் தானாக பேக்கப் எடுத்து, என்கிரிப்ட் செய்து அனுப்பும். இரண்டையும் கம்ப்யூட்டரில் இலவசமாகப் பயன்படுத்தலாம். கிளவுட் நிறுவனத்துக்குப் போய்ச் சேருவது பூட்டிய ஃபைல் மட்டுமே.

வெறும் 'சிங்க்' போதாதா?

போதாது. கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலை அழித்தால் கிளவுடிலும் அழிந்துவிடும். பழைய பதிப்புகளையும் சேர்த்து வைப்பதுதான் பேக்கப்.

எதில் கவனம் தேவை?

சாவி உங்களிடம் என்றால் பொறுப்பும் உங்களுடையதுதான். பாஸ்வேர்டை மறந்தால் 'ஃபர்காட் பாஸ்வேர்டு' கொடுத்து மீட்க முடியாது, கஸ்டமர் கேரும் உதவ முடியாது. அதை அதே கம்ப்யூட்டரில் மட்டும் சேமித்து வைத்தால், அது பழுதாகும் நாளில் பாஸ்வேர்டும் சேர்ந்து போய்விடும். பேப்பரில் எழுதி பீரோவில் வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.

முக்கியமாக, சில மாதங்களுக்கு ஒருமுறை இரண்டு ஃபைல்களையாவது வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கித் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்!