முதல் மூன்று நாள் நமக்கு எதற்கு?

புதுப்படம் வெளியான மூன்று நாளைக்குச் சமூக வலைதளத்தில் விமர்சனமே கூடாது என்று தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் நீதிபதி எஸ்.சௌந்தர் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டார். விமர்சனம் கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும், அவதூறு என்றால் போலீசில் புகார் கொடுக்கலாம் என்பது நீதிமன்றத்தின் நிலை. மத்திய, மாநில அரசுகளுக்கும் யூடியூபுக்கும் நோட்டீஸ் போனது. கேரளத்தில் இதே மாதிரி வழக்கில் நீதிமன்றத்துக்கு உதவும் அமிகஸ் கியூரி, படம் வந்து 48 மணி நேரம் விமர்சகர்களைப் பொறுக்கச் சொன்னதும் உங்களுக்குத் தெரியும்.

இதழின் நிலை என்ன என்று கேட்டு எழுதியவர்களுக்கு: நீதிமன்றம் செய்தது சரி. தடை என்று ஒன்று வந்தால் அது யூடியூபரோடு நிற்காது.

அதற்காக நாம் துள்ளிக் குதிக்க ஒன்றுமில்லை. 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' என்று பட்டியல் போட்டுப் புலம்பிய தயாரிப்பாளருக்கும், குரோம்பேட்டை வெற்றி தியேட்டர் வாசலில் காலைக் காட்சி முடிந்து வருகிறவர் முகத்தில் மைக்கை நீட்டுகிறவருக்கும் பிழைப்பு அதே மூன்று நாளில்தான். திரைப்பட வட்டம் நடத்தும் நம் வேலை நான்காம் நாளில் தொடங்குகிறது. பல சமயம் நாற்பது வருஷம் கழித்து. விமர்சனத்துக்கு ஓர் இடம் வேண்டும் என்று சி.சு.செல்லப்பா 1959-ல் 'எழுத்து' தொடங்கினாரே, நாம் அந்த வழி வந்தவர்கள். '16 வயதினிலே'வுக்கு விகடன் 62.5 மார்க் போட்டது இன்றும் பலருக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த விமர்சனத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டுப் பாருங்கள், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்.

சிட்லபாக்கத்தில் நாங்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யையும் அதை வைத்து மகேந்திரன் எடுத்த 'உதிரிப்பூக்க'ளையும் சேர்த்துத்தான் எடுப்போம். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பிள்ளைகளும் வருவார்கள். படத்தை முதல் தடவை பார்த்ததும் எல்லோரும் சொல்வது ஒன்றே: "ஸ்லோ சார்." பிறகு புதுமைப்பித்தனை வாசிக்கக் கொடுப்போம். கதையில் சுந்தரவடிவேலு ஒரு பேராசிரியர். மகேந்திரன் அதே பெயரை வைத்துக்கொண்டு ஊரே வெறுக்கும் ஒருவனை உண்டாக்குகிறார். ஏன்? ஒரு ப்ளஸ் டூ மாணவி பதிலுக்கு என்னையே கேட்டாள்: "அப்பா நல்லவரா இருந்தா கடைசியில ஊர் யாரை சார் ஆத்துல இறக்கும்?" கதைக்கும் திரைக்கதைக்கும் நடுவில் நடந்த வேலையை அவள் பிடித்துவிட்டாள். உடனே ஊர் அவனை ஆற்றில் இறக்கும் அந்தக் கடைசிக் காட்சியை மறுபடி ஓட்டி, ஒவ்வொரு ஷாட்டிலும் நிறுத்தி, கேமரா ஊரோடு நிற்கிறதா பிள்ளைகளோடு நிற்கிறதா என்று பார்த்தோம். அன்றைக்கு 'ஸ்லோ' என்ற சொல் திரும்ப வரவில்லை.

இப்படி நிறுத்தி நிறுத்திப் பார்க்கச் சட்டம் எவ்வளவு இடம் தருகிறது? பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு விமர்சனத்துக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது, சரி. கல்வி நிறுவனத்தில் ஆசிரியர், மாணவர், பெற்றோருக்குள் படம் போடவும் விலக்கு உண்டு. ஆனால் கட்டணமில்லாமல் நடக்கும் அமெச்சூர் சங்கங்களுக்கான விலக்கில் இலக்கியம், நாடகம், இசை என்று மூன்றுதான், சினிமா இல்லை. அதாவது அதே படத்தை அதே இருபது பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமை வகுப்பறையில் காட்டினால் பாடம், ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் முழுசாகக் காட்டினால் மீறல். 2012-ல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி உரிமை உறுதியானது, நல்லது. நம் மாதிரி வட்டங்களுக்கென்று ஒரு வரி சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை.

கூடம் கேட்டுப் போனால் நடப்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓர் அலுவலகத்தில் உரிமையாளர் கடிதம் கேட்டார்கள். 1979-ல் வந்த படத்துக்கு இன்றைய உரிமையாளர் யார் என்று கண்டுபிடிப்பதற்குள் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு வந்துவிட்டது. அடுத்த வாரம் அதே கூடத்தில் வளைகாப்பு. ஸ்பீக்கரில் நாள் முழுக்கச் சினிமாப் பாட்டு. அதற்கு யாரும் கடிதம் கேட்கவில்லை.

பள்ளிக்கல்வித் துறை 2022-ல் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்பட விழா தொடங்கியபோது இதே பக்கத்தில் மனதாரப் பாராட்டினோம். மாதம் ஒரு படம், அதன் பின் உரையாடல், பிள்ளைகளே எழுதும் விமர்சனம். நாம் கேட்டதெல்லாம் அதில் இருந்தது. ஆனால் அது ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பது வரைதான். பத்தாம் வகுப்பு வந்ததும் படம் பார்க்கும் கண்ணைக் கழற்றி வைத்துவிட வேண்டுமா? தனியார் பள்ளிப் பிள்ளைக்கு அதுவும் கிடையாது. இடைவெளியை நிரப்பும் வட்டங்களையோ சட்டத்துக்கும் தெரியாது, துறைக்கும் தெரியாது. மூன்று நாள் வசூல் பாதித்தால் உயர் நீதிமன்றம் வரை போக ஒரு சங்கம் இருக்கிறது. நமக்கு?

தயாரிப்பாளர்கள் தங்கள் மனுவில் விமர்சகர்களுக்கு நெறிமுறை வகுக்கவும் கேட்டிருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். நெறிமுறை வந்தால் விமர்சகர் யார் என்று வரையறுப்பார்கள்; அங்கீகார அட்டை, சேனல், சந்தாதாரர் எண்ணிக்கை என்று அது போகும். அந்த வரையறையில் நாம் எங்குமே இருக்க மாட்டோம். வழக்கு நடந்தபோதே இடையீட்டு மனு போட முடியுமா என்று வழக்கறிஞர்களிடம் ஆலோசித்தோம். திரையிடலுக்கு அனுமதி மறுத்து உங்கள் ஊரில் கொடுத்த கடிதம் இருந்தால் நகல் அனுப்புங்கள். வாய்மொழியாக மறுத்திருந்தால் தேதியும் கூடத்தின் பெயரும் போதும்.