அரசாங்கத்தை ஜப்தி செய்ய முடியுமா?

விபத்து நஷ்டஈடு கொடுக்காததால் அரசு பஸ் ஜப்தி என்று நம்ம ஊர் பேப்பரில் அடிக்கடி செய்தி வரும். அதையே உலக அளவில் செய்தால்? 2021-ல் முயற்சி நடந்தது. பாக்கிக்காரர் இந்திய அரசாங்கம், பஸ்ஸுக்குப் பதில் ஏர் இந்தியா.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கெய்ர்ன் எனர்ஜி என்ற ஸ்காட்லாந்து எண்ணெய்க் கம்பெனி 2006-ல் தன் இந்தியத் தொழிலை மாற்றி அமைத்தது. 2012-ல் நம் அரசு வரிச் சட்டத்தை முன்தேதியிட்டுத் திருத்தி, 2014-ல் நோட்டீஸ் விட்டது. கம்பெனியின் பங்குகளை முடக்கி, விற்று, டிவிடெண்டையும் எடுத்துக்கொண்டது. 2020 டிசம்பரில் நடுவர் மன்றம் 120 கோடி டாலரும் வட்டியும் கொடு என்றது. ஒருமனதான தீர்ப்பு, நாம் நியமித்த நடுவரும் சேர்த்துத்தான்!

வசூல் பார்த்த வங்கிக்காரர்களுக்குத் தெரியும், டிகிரி வாங்குவது பாதி வேலை. ஜப்தி செய்யச் சொத்து எங்கே என்று தேடுவதுதான் மீதி. அரசாங்கம் என்றால் இன்னும் கஷ்டம். நியூயார்க் ஒப்பந்தப்படி வெளிநாட்டுக் கோர்ட்டுகள் தீர்ப்பை ஏற்கும், ஆனால் தூதரகத்தைத் தொட முடியாது. கெய்ர்ன் சளைக்கவில்லை. பாரிஸில் இந்திய அரசின் சுமார் 20 சொத்துக்களை முடக்க ஆணை வாங்கியது. ஏர் இந்தியாவும் அரசாங்கமும் ஒன்றுதான் என்று நியூயார்க்கில் வழக்குப் போட்டது.

இங்கே லக்னோவில் கூட வேலை பார்க்கும் நண்பர், "வெள்ளைக்காரன் நம்மை ஜப்தி செய்வதா?" என்று கொதித்தார். எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்திருந்தால் யாரும் வாசலுக்கு வந்திருக்க மாட்டார்கள். பாரிஸ் செய்தி ஜூலையில் வந்தது, ஆகஸ்டிலேயே சட்டத்தை மாற்றினார்கள். சுமார் 7,900 கோடி ரூபாய், வட்டி கிடையாது. எங்கள் பாஷையில் ஓடிஎஸ் :-)

எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு விஷயம். பொதுத்துறை வங்கிகள் வெளிநாட்டுக் கணக்குகளில் இருக்கும் பணத்தை எடுத்துவிடும்படி அரசு சொன்னதாக 2021 மே மாதம் செய்தி வந்தது. பொய் என்று நிதி அமைச்சகம் மறுத்தது. சரி. ஆனால் படித்தபோது நாங்கள் எல்லோரும் ஏன் நம்பினோம்? நாஸ்ட்ரோ கணக்கில் இருப்பது அரசாங்கப் பணம் இல்லை, வாடிக்கையாளரின் இறக்குமதிக்குப் போகிற பணம். அதைக் கோர்ட்டில் சொன்னால் எதிர்க்கட்சி வக்கீல் கேட்பார்: தலைவரை நியமிப்பது யார்? 2008-ல் விவசாயக் கடன் தள்ளுபடியைப் பட்ஜெட்டில் அறிவித்தது யார்? உள்ளூரில் வங்கியைத் தன் கைப்பெட்டி மாதிரி நடத்திவிட்டு, வெளியூரில் மட்டும் அது தனி நிறுவனம் என்றால் எந்த நீதிபதி கேட்பார்? நியமனத்தையாவது அமைச்சகத்திடமிருந்து பிரித்தால் எங்கள் வக்கீலுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும்.

ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாட்டாவிடம் போய்விட்டது. அடுத்து யாராவது தீர்ப்போடு வந்தால் கண்ணில் படப்போவது நாங்கள்தான்.