இன்வேட்டருக்குக் கடன் வேண்டாம்

2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கினால் நாடே இருண்டது. இதற்கு அஞ்சி, வரிப்பத்தான்சேனையில் இடம்பெயர்ந்து வாழும் குடும்பம் விதைநெல்லுக்கு வைத்த காசில் பெரிய இன்வேட்டர் வாங்குவதை நாம் ஏற்கமாட்டோம். எத்தனை பொருள் ஒரே நேரத்தில் இயங்கும் என்பதே இன்வேட்டரின் அளவு. எத்தனை மணித்தியாலம் என்பது பற்றரியின் கையில். 12 வோல்ட், 100 அம்பியர்-மணி ஈய அமிலப் பற்றரியில் 1200 வாட்-மணி உண்டு. பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும்; இன்வேட்டரும் தன் பங்கை உண்ணும். மிஞ்சுவது ஏறத்தாழ 500. இரண்டு எல்.ஈ.டி. குமிழ், ஒரு மின்விசிறி, கைத்தொலைபேசி எல்லாம் சேர்ந்து 90 வாட் என்றால் ஐந்து மணித்தியாலம் ஓடும். 500 வாட் ரைஸ் குக்கரை ஏற்றினால் ஒரு மணித்தியாலமும் தாங்காது. அதற்கு விறகடுப்பு இருக்கிறதே! வெளிச்சம் மட்டும் போதுமென்றால், 12 வோல்ட் குமிழை பியூஸ் வைத்து நேரே பற்றரியில் கொளுவலாம், இன்வேட்டரே தேவையில்லை.