கூரை இன்வெர்ட்டரின் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11 மணி தாண்டியதும் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் தொடக்கம் என்றார் அந்நாட்டு மின்துறை அமைச்சர். குரங்கை வைத்து ஊரெல்லாம் சிரித்தது; பொறியாளர்கள் கவனித்தது கிழமையை. விடுமுறை நாள் என்பதால் மின்தேவை குறைவு. வெயில் நன்றாக அடித்ததால் கூரைகளிலிருந்து வந்த சூரிய மின்சாரம் அதிகம். சுழன்றுகொண்டிருந்த கனமான டர்பைன்களோ கொஞ்சம். ஓரிடத்துக் கோளாற்றைத் தாங்கும் திராணி அன்று மின்தொகுப்புக்கு இல்லை.

இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தது. ஏப்ரல் 13 முதல் 21 வரை, பிற்பகல் 3 மணி வரைக்கும் கூரைச் சூரிய அமைப்புகளை நிறுத்திவைக்கும்படி இலங்கை மின்சார சபை வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டது. நொடிக்கு நொடி மாறும் ஒரு தொகுப்பை அறிவிப்பு கொடுத்துக் காப்பாற்ற வேண்டிய நிலை.

ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரியத் தகடு என்ற இலக்கோடு 2024 பிப்ரவரியில் பி.எம். சூர்ய கர் திட்டம் தொடங்கிய பிறகு, இதே கேள்வி இந்தியாவுக்கும் வந்துவிட்டது. வீட்டு இன்வெர்ட்டரை மின்வாரியம் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தலாமா? கூரைச் சூரிய உற்பத்தியாளர்களும் மின் பொறியாளர்களும் சிறுதொழில் நடத்துவோரும் சேர்ந்த இந்த அமைப்பின் பதில் இது: தொகுப்பின் நிலையைப் பார்த்து இன்வெர்ட்டர் தானாகவே கூட்டிக் குறைத்துக்கொள்வது கட்டாயமாக்கப்பட வேண்டும். வெளியிலிருந்து நிறுத்தும் அதிகாரம் கடைசி வழியாக மட்டும், எழுதப்பட்ட விதிகளோடு இருக்க வேண்டும்.

இந்தியத் தொகுப்பு 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்ணில் ஓட வேண்டும் என்பது விதி. தேவை கூடினால் அதிர்வெண் இறங்கும், உற்பத்தி மிஞ்சினால் ஏறும். கரும்புச்சாறு மெஷினில் முரட்டுக் கரும்பைத் திணித்தால் பெரிய சக்கரத்தின் கனமே அதை ஒரு கணம் இழுத்துக்கொடுத்துவிடும். அனல், நீர்மின் நிலையங்களின் டர்பைன்கள் தொகுப்புக்குச் செய்வதும் அதுதான். சூரியத் தகட்டுக்குச் சக்கரம் கிடையாது. அதற்குப் பதில் இன்வெர்ட்டரிடம் வேகம் இருக்கிறது: அதிர்வெண்ணையும் மின்னழுத்தத்தையும் ஓயாமல் அளந்து, நொடியின் சிறு பகுதிக்குள் உற்பத்தியை மாற்ற அதனால் முடியும். அந்த வேகம் உதவுமா, கெடுக்குமா என்பது உள்ளே பதிந்துள்ள செட்டிங்கைப் பொறுத்தது.

ஜெர்மனி இதைத் தாமதமாகத்தான் கண்டுகொண்டது. சூரிய மின்சாரம் சொற்பமாக இருந்த காலத்தில், அதிர்வெண் 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டதும் இன்வெர்ட்டர்கள் துண்டித்துக்கொள்ள வேண்டும் என்று விதித்திருந்தார்கள். கூரைகள் பெருகிய பிறகு அந்த விதியே ஆபத்தானது. வெயில் நாளொன்றில் பல ஆயிரம் மெகாவாட் ஒரே கணத்தில் மறைந்துபோகலாம். 2012-இல் ஆணை பிறப்பித்து, 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளில் செட்டிங்கை மாற்ற வேண்டியதாயிற்று. பொருத்தும் நாளிலேயே முடியக்கூடிய வேலை அது.

செட்டிங் தவறினால் பயணியும் நடுவழியில் நிற்பார். 2019 ஆகஸ்ட் 9 மாலை பிரிட்டனில் ஒரு மின்னலைத் தொடர்ந்து ஒரு கடல் காற்றாலைப் பண்ணையும் ஓர் எரிவாயு நிலையமும் உற்பத்தியை இழக்க, அதிர்வெண் 48.8 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. தொகுப்பைக் காப்பாற்றச் சுமார் 11 லட்சம் இணைப்புகள் தானாகத் துண்டிக்கப்பட்டன. அவை ஒரு மணி நேரத்துக்குள் மீண்டன, ரயில்கள் மீளவில்லை. குறிப்பிட்ட வகை ரயில்களின் மென்பொருள், அதிர்வெண் இறங்கியதும் தன்னைத் தானே பூட்டிக்கொண்டது. அவற்றில் பலவற்றை ஓட்டுநரால் மறுபடி கிளப்ப முடியாமல், டெக்னீஷியன் நேரில் போக வேண்டியிருந்தது.

நம் தெருவிலும் இதன் சிறிய வடிவம் நடக்கிறது. டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைசியில் இருக்கும் வீடு, நண்பகல், அக்கம்பக்கத்தில் ஃபேன் தவிர எதுவும் ஓடவில்லை. நாலைந்து கூரைகளின் மின்சாரம் ஒரே லைனில் ஏற, மின்னழுத்தம் 253 வோல்ட்டைத் தாண்டுகிறது. இன்வெர்ட்டர் ‘டிக்’ என்று நிற்கிறது. சில நிமிடத்தில் திரும்பி வருகிறது, மறுபடி நிற்கிறது. வீட்டுக்காரர் மெஷினில் கோளாறு என்று விற்றவரைக் கூப்பிடுகிறார். மின்னழுத்தம் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளும் வசதி பெரும்பாலான புதிய இன்வெர்ட்டர்களில் உண்டு. அதை இயக்கிவிட்டாலே இந்த நின்று நின்று வரும் தொல்லை பெருமளவு தீரும்.

மின்வாரியத்திடம் சாவியைக் கொடுத்தால் தன் வசதிக்கு அணைத்துவிடும் என்ற அச்சம் உறுப்பினர்களிடம் இருக்கிறது. அது வெறும் அச்சம் இல்லை. தொகுப்பின் பாதுகாப்பு தவிர்த்த காரணங்களுக்காகச் சூரிய மின்சாரத்தைக் குறைத்தால் இழப்பீடு தர வேண்டும் என்று, தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. பெரிய நிலையங்கள் வழக்காடிப் பெற்ற அந்தப் பாதுகாப்பு, மூன்று கிலோவாட் வைத்திருப்பவருக்கு விதியாகவே கிடைக்க வேண்டும்.

எனவே அமைப்பு நான்கு விஷயங்களைக் கேட்கிறது.

ஒன்று, அதிர்வெண்ணும் மின்னழுத்தமும் ஏறும்போது படிப்படியாகக் குறைக்கும் செட்டிங்கை அரசே வரையறுத்து வெளியிட வேண்டும். இணைப்புக் கொடுக்கும் நாளில் அதைச் சோதித்துப் பதிய வேண்டும்.

இரண்டு, தொலைவிலிருந்து குறைப்பது தவிர்க்க முடியாதபோது பெரிய நிலையங்களில் தொடங்கி, வீடுகளுக்குக் கடைசியில் வர வேண்டும். எப்போது, எவ்வளவு, ஏன் என்பது பதிவாக வேண்டும். இழந்த யூனிட்டுகள் பில்லில் வரவு வைக்கப்பட வேண்டும்.

மூன்று, உடனுக்குடன் கண்காணிக்க வேண்டிய இடம் டிரான்ஸ்பார்மர். ஒரு வீட்டின் நிமிடவாரிப் பயன்பாடு, ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதையே காட்டிக்கொடுக்கும். ஒப்புதல் இல்லாமல் அதைத் திரட்டக் கூடாது.

நான்கு, லைன் அணைந்ததும் இன்வெர்ட்டரும் நிற்கும் ஏற்பாட்டில் எவரும் கைவைக்கக் கூடாது. கம்பத்தில் ஏறும் லைன்மேனின் உயிர் அதில் இருக்கிறது. தொலைக்கட்டளைக்கான கடவுச்சொல்லும் தயாரிப்பாளர் வைத்ததாகவே இருந்துவிடக் கூடாது.

2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்குப் பிரதமரின் வேண்டுகோளை ஏற்று நாடு விளக்கணைத்தபோது தேவை 31,089 மெகாவாட் சரிந்தது. அதிர்வெண் 49.70-க்கும் 50.26-க்கும் இடையில் நின்றது. நீர்மின் நிலையங்களை முன்கூட்டியே ஏற்றிவைத்து, சரியான நேரத்தில் இறக்கியதால் அது முடிந்தது. அதற்கு இரண்டு நாள் அவகாசம் இருந்தது. பாணந்துறைக் குரங்கு நேரம் சொல்லிவிட்டு வரவில்லை.

இந்த நான்கையும் முன்வைத்துப் பொது விசாரணை நடத்தும்படி தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தை அமைப்பு கோருகிறது. நண்பகலில் எத்தனை முறை, எந்த மின்னழுத்தத்தில் இன்வெர்ட்டர் நின்றது என்ற பதிவுகளை உறுப்பினர்கள் தத்தம் பிரிவு அலுவலகத்தில் எழுத்துமூலம் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள்.