இருட்டுக்கு ஒரு லென்ஸ்!

‘ரூம்ல லைட் கம்மி. ஃபிளாஷ் அடிச்சா மூஞ்சி வெளிறிப் போகுது. ஃபிளாஷ் இல்லைன்னா படம் ஆடுது. என்ன பண்றது பாஸ்?’

கேமராவைக் கையில எடுத்த எல்லாரும் கேட்கிற கேள்வி. 1950-கள்ல ஜப்பான் கம்பெனிகளையும் இது தூங்கவிடலை. அப்போ இருந்த ஃபிலிம்கள் மந்தம். ஃபிலிமுக்கு வேகம் பத்தலையா, லென்ஸோட வாயை அகலமாக்குன்னு களத்துல குதிச்சாங்க. 1953-ல ஸுனோவ் எஃப் 1.1, 1956-ல நிக்கான் எஃப் 1.1. அப்புறம் 1961-ல கேனன் போட்டது ஒரே போடு... ‘கேனன் 7’ ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கு 50 மி.மீ., எஃப் 0.95!

அந்த நம்பர்ல என்ன இருக்கு? 50-ஐ 0.95-ஆல வகுங்க. சுமார் 53 மி.மீ. அகலத்துக்குக் கதவு திறக்குது. சாதாரண எஃப் 2 லென்ஸ்ல அது வெறும் 25 மி.மீ. உள்ளே வர்ற வெளிச்சம் நாலு மடங்குக்கும் மேலே. எஃப் 2-ல 1/15 செகண்ட் தேவைப்படுற இடத்துல, இங்கே 1/60-லயே க்ளிக் பண்ணிடலாம். கை நடுக்கத்துக்கு குட்பை!

ஆனா, இந்த வரத்துக்குள்ளே ஒரு சாபம் இருக்கு. ஒரு மீட்டர் தூரத்துல ஃபோகஸ் பண்ணினா, ஷார்ப்பா விழுற ஆழம் சுமார் 2 செ.மீ.தான். கண் தெளிவா இருந்தா காது மங்கிடும். எஸ்.எல்.ஆர்-னா லென்ஸ் வழியா அந்த மங்கலைப் பார்த்துடலாம். ரேஞ்ச்ஃபைண்டர்ல நீங்க பார்க்கிறது தனி ஜன்னல். அதுல எல்லாமே பளிச்! நடுவுல இருக்கிற சின்னக் கட்டத்துல ரெட்டையாத் தெரியுற உருவத்தை ஒண்ணா சேர்க்கணும். அவ்ளோதான் உங்களுக்குக் கிடைக்கிற சாட்சி.

இங்கேதான் பலர் கோட்டை விடுறாங்க. நடுக்கட்டத்துல கண்ணை வெச்சு ஃபோகஸ் பண்ணிட்டு, ஃப்ரேம் அழகுக்காக கேமராவை லேசாத் திருப்புவாங்க. 15 டிகிரி திருப்பினாலே ஃபோகஸ் கண்ணைத் தாண்டி 3 செ.மீ.க்கு மேல பின்னாடி போயிடும். படத்துல காதோரம் ஷார்ப், கண் அவுட்! அதனால திருப்பாதீங்க, கேமராவோட அப்படியே பக்கவாட்டுல நகருங்க. ரெட்டை உருவம் சேர்ந்த அந்த நொடியே, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அழுத்துங்க. மூச்சு விட்டாலே உடம்பு ஒரு செ.மீ. ஆடும்.

மத்தியான வெயில்ல இந்த லென்ஸை முழுசாத் திறக்கிறதெல்லாம் நடக்காது. கேனன் 7-ல அதிகபட்ச ஷட்டர் வேகம் 1/1000. 100 ஐ.எஸ்.ஓ. ஃபிலிம் போட்டாலும் எஃப் 0.95-க்கு அது எந்த மூலைக்கு? எஃப் 5.6-க்கு மூடிட்டு எடுங்க.

ஃபேர்வெல் நைட் குரூப் போட்டோவுக்கும் இது வேண்டாம். 3 மீட்டர் தள்ளி நின்னாலும் ஷார்ப்பான ஆழம் 20 செ.மீ.தான். முன்வரிசை தெளிவா இருக்கும், பின்வரிசை ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பனிமூட்டம்! ஃபிலிம்ங்கிறதால கழுவிப் பார்க்கிற வரைக்கும் தெரியவும் தெரியாது. அந்த ராத்திரி திரும்ப வராது மக்கா!

‘இவ்ளோ காஸ்ட்லி லென்ஸுக்கு எங்கே போறது?’னு கேட்கிறீங்களா? போகவே வேண்டாம். பழைய எஸ்.எல்.ஆர்-ல வர்ற 50 மி.மீ. எஃப் 1.8 போதும். எஃப் 0.95-ஐவிட ரெண்டு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் கம்மி, அவ்ளோதான் வித்தியாசம். 400 ஐ.எஸ்.ஓ. பிளாக் அண்ட் வொயிட் ஃபிலிமை மீட்டர்ல 1600-னு செட் பண்ணி எடுங்க. லேப்ல ‘ரெண்டு ஸ்டாப் புஷ்’னு மறக்காம சொல்லிடுங்க. கிரெய்ன் கொஞ்சம் தூக்கலா தெரியும், நிழல் கறுத்துப் போகும். ஆனா அறைக்குள்ளே ஒரே பல்பு வெளிச்சத்துல, ஃப்ரெண்டோட கண்ணு ஆடாம அசையாம நிக்கும்.

அப்புறமென்ன... இன்னிக்கு ராத்திரி பல்புக்குப் பக்கத்துல யாரை உட்கார வைக்கப் போறீங்க?