ஆகாயத்தில் இரண்டாவது வகுப்பு

நம் தேசத்து ரயில்களிலிருந்து மூன்றாவது வகுப்பு என்ற பெயர் 1974ஆம் வருஷத்தில் எடுக்கப்பட்டது. பெயர் போயிற்றே தவிர வகுப்பு பேதம் போகவில்லை. அது தரையை விட்டுக் கிளம்பி ஆகாயத்தில் சௌக்கியமாகக் குடியேறிவிட்டது. விமானத்தில் ஏறும் ஒவ்வொருவரும் தமக்குரிய குறுகலான ஆஸனத்துக்குப் போகும் வழியில், காலை நீட்டிச் சாய்ந்திருக்கும் பாக்கியசாலிகளைத் தரிசித்துவிட்டே போகவேண்டியிருக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு ‘பிஸினஸ் கிளாஸ்’ என்று பெயர். வியாபார வகுப்பு என்று தமிழில் சொன்னால் மொத்த மண்டிக்காரர்கள் மட்டும் ஏறுவதாக்கும் என்று எண்ணத் தோன்றும்.

பெயருக்குக் காரணம் உண்டு. 1970க்குப் பிற்பட்ட வருஷங்களில் சலுகைக் கட்டணங்கள் பெருகின. முழுக் கட்டணம் கொடுத்த உத்தியோகஸ்தரும், அதில் பாதி கொடுத்த உல்லாசப் பிரயாணியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். முன்னவர் முணுமுணுத்தார். 1978ஆம் வருஷத்தில் பான் அமெரிக்கன், பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஆகிய கம்பெனிகள் முழுக் கட்டணக்காரர்களைத் தனியே பிரித்து உட்காரவைத்தன. 2000த்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் அந்த ஆஸனத்தையே முழுக் கட்டிலாக நீட்டும்படி செய்தது. அதன் பிறகு மற்றக் கம்பெனிகளும் சும்மா இருக்க முடியுமா?

இந்தச் சங்கதி நமக்கு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். வியாபாரம் செய்யாத நம் குடும்பங்களில் இன்று இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடக்கிறது. பெண்ணோ பிள்ளையோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். பிரசவத்துக்குத் தாயார் போகவேண்டும். சென்னையிலிருந்து அந்நாட்டுக்கு நேரே செல்லும் விமானம் இல்லை. தோஹாவிலோ துபாயிலோ பிராங்பர்ட்டிலோ மாறி, வீடு போய்ச் சேர ஒரு பகலும் ஓர் இரவும் ஆகிவிடும். அம்மாளுக்கு முழங்கால் வலி. “பிஸினஸ் கிளாஸ் எடுக்கிறேன்” என்கிறான் பிள்ளை. “அந்தப் பணத்தில் நாலு பவுன் வாங்கலாமே!” என்கிறாள் தாய். இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆகையால் அந்த ஆஸனம் என்ன விலைக்குக் கிடைக்கும், ஏன் அந்த விலை என்று தெரிந்துகொண்டு பிறகு வாதாடுவது நலம்.

அந்தி சாய்ந்ததும் மிஞ்சிய கீரையை விலை குறைத்துத் தள்ளிவிடுகிறாள் கீரைக்காரி. விமானக் கம்பெனியின் சரக்கும் அழுகும் சரக்குதான். விமானம் கிளம்பியபின் காலி ஆஸனத்துக்குக் காலணா மதிப்பில்லை. ஆயினும் கம்பெனி நேர் எதிராக நடக்கிறது. நாள் நெருங்க நெருங்க விலையை ஏற்றுகிறது. கடைசி நேரத்தில் வருகிறவன் அவசரக்காரன், கேட்டதைக் கொடுப்பான் என்பது அதன் கணக்கு. 1985இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இந்த வித்தையைக் கம்ப்யூட்டரின் துணையோடு பெரிய அளவில் நடத்திக் காட்டிற்று. பல நாள் முன்னதாக வாங்குவோருக்கு மட்டும் எண்ணி வைத்த ஆஸனங்களை மலிவாகக் கொடுத்து, மிச்சத்தை முழு விலைக்கு வைத்துக்கொண்டது. அதுவரை மலிவுக் கட்டணத்தாலேயே பேர் வாங்கியிருந்த பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற கம்பெனி போட்டியில் தள்ளாடி 1987இல் மறைந்தது.

பிஸினஸ் கிளாஸிலும் இதே கதைதான். ஒரே மாதிரி இருபது ஆஸனங்கள். ஆனால் ஜே, ஸி, டி, ஐ, இஸட் என்று எழுத்துக்களிட்டுப் பல விலைகள். கம்பெனிக்குக் கம்பெனி எழுத்து மாறும். மலிவான எழுத்தில் ஓரிரண்டு இடங்களே இருக்கும். அவை தீர்ந்தால் அடுத்த எழுத்து. எனவே இரண்டு பேருக்குச் சேர்த்துத் தேடினால், மலிவில் ஒன்றே மிஞ்சியிருக்கும்போது, இருவருக்கும் மேல் விலையே காட்டும் வழக்கம் உண்டு. தனித்தனியே ஒருவருக்கு என்று தேடிப் பார்ப்பது நல்லது.

தேதியில் பிடிவாதம் கூடாது. மே மாதமும் டிஸம்பரும் பள்ளி விடுமுறைக்காரர்களின் காலம். அப்போது சலுகையை எதிர்பார்ப்பது கோடையில் காவேரி வெள்ளத்தை எதிர்பார்ப்பது போன்றது. கூகிள் பிளைட்ஸ் போன்ற தேடு தளங்களில் மாதம் முழுவதுக்கும் விலையை ஒரே பார்வையில் பார்க்கலாம். போகும்போது சாதாரண வகுப்பு, இரவுப் பிரயாணமாக வரும் திரும்புகாலில் மட்டும் கட்டில் என்றும் பிரித்து வாங்கலாம். சாதாரண டிக்கட் வாங்கியபின், காலியிருந்தால் மேல் வகுப்புக்கு ஏலம் கேட்கும் வசதியையும் பல கம்பெனிகள் வைத்திருக்கின்றன. ஏலம் என்றதும் கைநீளம் வேண்டாம். எவ்வளவு என்று முன்பே தீர்மானித்துக்கொண்டு கேட்கவேண்டும்.

வேறோர் ஊரிலிருந்து கிளம்பினால் மலிவு என்று யோசனை சொல்லுவோரும் உளர். கொழும்பிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்னையைவிடக் குறைந்த விலை கிடைப்பது உண்டு. ஆனால் கொழும்பு வரை தனி டிக்கட்டில் போய், அந்த விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டால், இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது. முதல் கட்டத்தில் ஏறாமல் நடுவில் ஏறிக்கொள்ளலாம் என்று நினைப்பதும் தப்பு. முதல் கட்டம் தவறினால் மிச்ச டிக்கட் முழுவதையும் ரத்து செய்துவிடுவார்கள். வாலிபர்களுக்கு இந்தச் சாகஸங்கள் இருக்கட்டும். முழங்கால் வலிக்கார அம்மாளை இதில் இழுப்பது பாவம்.

வரியையும் மறக்கக்கூடாது. 2025 ஸெப்டம்பர் 22 முதல் நம் நாட்டில் பிஸினஸ் கிளாஸ் டிக்கட்டுக்கு ஜி.எஸ்.டி. 12லிருந்து 18 சதவிகிதமாயிற்று. சாதாரண வகுப்புக்கு 5 சதவிகிதமே. கட்டணம் மூன்று லட்சம் என்று வைத்துக்கொண்டால் வரி மட்டும் 54,000 ரூபாய். ஒரு லட்ச ரூபாய்ச் சாதாரண டிக்கட்டுக்கு 5,000. தாயாரின் வாதத்துக்கு இது சற்றுப் பலம் சேர்க்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மலிவு டிக்கட்டில் இன்னொரு சூக்ஷ்மம். எமிரேட்ஸ் 2019இலும் கத்தார் ஏர்வேஸ் அதற்கு அடுத்த வருஷமும், பிஸினஸ் கிளாஸிலேயே ஒரு குறைந்த ரகத்தைக் கொண்டுவந்தன. ஆஸனம் அதேதான், ஆனால் இளைப்பாறும் கூடமும், முன்னதாக இலவசமாக இடம் குறிக்கும் உரிமையும் அதில் சேராது. பட்டு வேஷ்டி கட்டிக்கொண்டு பந்திக்கு வெளியே காத்திருப்பது போன்ற நிலைமை! விலையைப் பார்க்கும் கண்ணால் நிபந்தனைகளையும் படிக்கவேண்டும்.

இடம் குறிப்பதற்கு முன் எந்த விமானம் என்று பார்ப்பது முக்கியம். ஒரு வரிசையில் 1-2-1 என்று ஆஸனங்கள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் நடைபாதை கிடைக்கும். 2-2-2 என்றால் ஜன்னலோரத்தவர் நள்ளிரவில் அயலாரின் கால்களைத் தாண்டவேண்டும். 2-3-2 என்றால் நடுவில் ஒருவர் அகப்பட்டுக்கொள்வார். இத்தனை பணமும் கொடுத்து அங்கே உட்காருவதில் என்ன பயன்? பிரிவின் முதல் வரிசையில் பல விமானங்களில் கால் வைக்கும் பொந்து அகலமாக இருக்கும். ஆனால் குழந்தைத் தொட்டில்களும் அங்கேதான் மாட்டப்படும். சமையற்கட்டுக்கு அருகிலுள்ள வரிசையில் தூக்கம் வராது. குறித்த இடத்தைப் புறப்படுவதற்குச் சில நாள் முன் மறுபடி பார்க்கவேண்டும். விமானத்தை மாற்றினால் இடமும் மாறிவிடும்.

இத்தனையும் கட்டுப்படியாகாத குடும்பங்களே அதிகம். காந்தி மகான் 1917இல் ரயிலின் மூன்றாவது வகுப்பைப் பற்றி எழுதியபோது, எல்லோரையும் முதல் வகுப்பில் ஏற்றுங்கள் என்று கேட்கவில்லை. மூன்றாவது வகுப்பில் மனிதர் உட்காரும்படி செய்யுங்கள் என்பதே அவர் வாதம். ஆகாயத்திலும் நாம் கேட்கவேண்டியது அதுதான். அது கிடைக்கும் வரை, சாதாரண வகுப்பில் இடத்தைத் தேர்ந்து குறிப்பதற்குச் சில நூறோ சில ஆயிரமோ கொடுப்பது வீண் செலவல்ல. நெடுநேரம் அசையாமல் உட்காருவதால் காலில் ரத்தம் உறையக்கூடும். அமெரிக்க நெஞ்சு நோய் வைத்தியர் கழகம் 2012இல் வெளியிட்ட யோசனைகளில், ஆஸன வகுப்பைக் குற்றம் சொல்லாமல், எழுந்து நடக்காத ஜன்னலோரத்தாருக்கே அபாயம் அதிகம் என்று காட்டியது. ஆகவே முதியவர்களுக்குக் கழிப்பறைக்குச் சமீபத்தில் நடைபாதை ஓரமே உசிதம். அவசர வழி வரிசையில் கால் நீட்ட இடமிருந்தாலும், உதவி தேவைப்படுவோரை அங்கே உட்காரவிடமாட்டார்கள். சக்கர நாற்காலி வேண்டுமானால் 48 மணி நேரத்துக்கு முன்பே கம்பெனிக்குச் சொல்லவேண்டும்.

மேகம் பார்க்கவேண்டுமென்று ஜன்னலுக்கு அடம்பிடிக்கும் தாத்தாக்களும் உண்டு. சென்னையிலிருந்து அயல்நாடு போகும் விமானங்களில் பல நடுநிசியில் கிளம்பி விடியுமுன் ஓடுபவை. இருட்டில் இறக்கை விளக்கைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று அவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம்.